வீட்டுக்குள் வளரும் மூலிகைத் தொட்டிகள்: அறிகுறியைக் கொண்டு குறையைக் கண்டறியும் வழிமுறை

மூலிகைச் செடி நலிந்துவிட்டது என்று யார் அழைத்தாலும் நான் முதலில் கேட்பது, இன்று தண்ணீர் ஊற்றிவிட்டீர்களா என்பதுதான். ஊற்றவில்லை என்றால், காரணம் தெரியும் வரை ஊற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். வாடிய செடியைக் கண்டதும் கை தானாகத் தண்ணீர்க் குவளையைத் தேடுகிறது. நான் பார்த்த தொட்டிகளில் காய்ந்து இறந்தவற்றைவிட அந்தக் குவளையால் இறந்தவையே அதிகம்.

ஒளி போதாமையும் ஈரம் மிகுதலும் வெவ்வேறு குறைகள் போலத் தோன்றினாலும், வீட்டுக்குள் அவை இணைந்தே வருகின்றன. வெளிச்சம் குறைந்த இடத்தில் நிற்கும் செடி தண்ணீரை மெதுவாகவே உறிஞ்சும் என்பதால், வெயிலில் சரியாக இருந்த அதே அளவுத் தண்ணீர் உள்ளே வந்ததும் மிகுதியாகிவிடுகிறது. ஆகவே கீழே எந்த அறிகுறியின் தலைப்புக்குப் போவதாக இருந்தாலும், அதற்கு முன் நான்கு சோதனைகளைச் செய்துவிடுங்கள். ஐந்து நிமிடத்திற்கு மேல் ஆகாது.

விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் நுழைத்து, மேற்பரப்பில் அல்லாமல் உள்ளே ஈரம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தொட்டியைத் தூக்கி எடையை உணருங்கள். நனைந்த தொட்டிக்கும் காய்ந்த தொட்டிக்கும் உள்ள எடை வேறுபாடு இரண்டு முறை தூக்கினாலே கைக்குப் பழகிவிடும். அழகுக்காக வெளித்தொட்டி வைத்திருந்தால், உள்தொட்டியை வெளியே எடுத்து அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, நண்பகலில் இலைகளுக்கு மேல் ஒரு முழங்கை உயரத்தில் கையை நீட்டிப் பிடியுங்கள். விரல்கள் தனித்தனியே தெரியும்படி கூர்மையான நிழல் விழுந்தால் ஒளி போதும். விளிம்பு கலங்கிய நிழல் விழுந்தால் புதினா, பார்ஸ்லி போன்றவை சமாளிக்கும், பேசிலும் ரோஸ்மேரியும் தைமும் சமாளிக்கா. நிழலே விழவில்லை என்றால் அந்த இடம் எந்த மூலிகைக்கும் ஆகாது.

விதை முளைக்கவில்லை

நாட்களை எண்ணிப் பாருங்கள். பேசில் 5 முதல் 10 நாட்களில் முளைத்துவிடும். கொத்தமல்லிக்கு 7 முதல் 14 நாட்கள் வேண்டும். சில சமயம் மூன்று வாரமும் ஆகும். பார்ஸ்லி இரண்டு முதல் நான்கு வாரம் வரை காக்க வைக்கும். பொறுமையிழந்து பத்தாம் நாளில் மண்ணைக் கிளறிப் பார்த்தவர்கள், முளைவிடத் தொடங்கிய பார்ஸ்லியைத் தாங்களே முறித்திருக்கிறார்கள்.

காலம் கடந்திருந்தால் விதைத்த ஆழத்தைச் சரிபாருங்கள். தைம், புதினா போன்ற பொடி விதைகளை மண்ணின் மேல் தூவி மெல்ல அழுத்தினால் போதும். பேசிலுக்கு அரை சென்டிமீட்டருக்கும் குறைவான மண்மூடலும், கொத்தமல்லிக்கு ஒரு சென்டிமீட்டர் மண்மூடலும் போதுமானவை. கொத்தமல்லியில் நாம் விதை என்று சொல்லும் உருண்டை உண்மையில் ஒரு காய். அதற்குள் இரண்டு விதைகள் இருக்கின்றன. கட்டையான ஒரு பொருளால் மெல்ல உருட்டி அதை இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் முளைப்பு விரைவாகவும் சீராகவும் இருக்கும்.

அடுத்து வெப்பநிலை: பேசில் விதைக்கு 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். குளிர்ந்த கண்ணாடியை ஒட்டிய தட்டுகளை அறையின் உட்பக்கம் நகர்த்துங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் முளைக்கவில்லை என்றால், பத்து விதைகளை ஈரக் காகிதத்தில் சுற்றி மூடிய டப்பாவில் வையுங்கள். முளைக்க வேண்டிய காலத்திற்குள் நான்குகூட முளைக்கவில்லை என்றால் விதை பழையது; புதிதாக வாங்குவதே வழி. ரோஸ்மேரி மட்டும் இதற்கு விலக்கு. புதிய விதையிலும் அதன் முளைப்புத்திறன் குறைவு என்பதால், அதை விதையிலிருந்து தொடங்கும்படி நான் யாருக்கும் சொல்வதில்லை. வேர்பிடித்த நாற்றாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

முளைத்த நாற்று அடியில் மெலிந்து சாய்கிறது

நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று காலையில் படுத்துக் கிடக்கும். குனிந்து பார்த்தால், மண்மட்டத்தில் தண்டு நூலால் இறுக்கிக் கட்டியது போலச் சுருங்கி, நீர்கோத்துப் பழுப்பாக இருக்கும். மேலே இலைகளோ இன்னும் பச்சையாகவே இருக்கும். இது நாற்றழுகல் நோய். மண்ணில் வாழும் பூசணங்களும் அவற்றை ஒத்த நுண்ணுயிர்களும் ஈரமும் காற்றோட்டமின்மையும் சேர்ந்த இடத்தில் இதை உண்டாக்குகின்றன. சாய்ந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது.

நிற்கின்றவற்றைக் காப்பாற்றலாம். சாய்ந்தவற்றைச் சுற்றியுள்ள மண்ணோடு கரண்டியால் அள்ளி எறியுங்கள்; மூடிவைத்திருந்த பிளாஸ்டிக் உறையை முழுவதுமாக நீக்குங்கள்; மேலிருந்து தெளிப்பதை நிறுத்தி, தொட்டியைத் தட்டிலுள்ள தண்ணீரில் 15 நிமிடம் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள்; சிறிய மின்விசிறியை மிகக் குறைந்த வேகத்தில், நாற்றுகள் லேசாக அசையும்படி வையுங்கள். மறுபடியும் அதே தட்டில் நோய் வந்தால் அந்த மண்கலவையை விட்டுவிடுங்கள். தோட்டத்து மண்ணையும் பழைய தொட்டி மண்ணையும் விதைப்புக்குப் பயன்படுத்துவதே இந்நோய் திரும்பத் திரும்ப வருவதற்கு நான் கண்ட வழக்கமான காரணம்.

தண்டு நீண்டு, ஒல்லியாகி, ஒரு பக்கம் சாய்கிறது

கணுக்களுக்கு இடையே இடைவெளி நீண்டு, இலைகள் சிறுத்து, செடி முழுவதும் சன்னலை நோக்கி வளைந்திருந்தால் ஒளி போதவில்லை; வேறு காரணத்தைத் தேட வேண்டியதில்லை. இந்த நிலையில் உரம் போடுவது மிகப் பெரிய தவறு; செடி மேலும் நீளுமே தவிர வலுப்பெறாது.

செலவில்லாத வழி, தொட்டியைச் சன்னல் கண்ணாடியை ஒட்டி நகர்த்துவது. கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே வைத்த தொட்டிக்கும் சன்னல் திட்டின் மேல் வைத்த தொட்டிக்கும் கிடைக்கும் ஒளியில் பெரிய வேறுபாடு உண்டு; மங்கலான அறைக்கும் நம் கண் எளிதில் பழகிக்கொள்வதால் அது நமக்குத் தெரிவதில்லை. கண்ணாடியைத் துடைத்து, திரையை விலக்கி, இரண்டு நாளுக்கு ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்பி வையுங்கள். பேசில், தைம், ரோஸ்மேரி ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர நேர்வெயிலாவது வேண்டும்.

அது கிடைக்காத வீட்டில் எல்இடி விளக்குதான் தீர்வு. விளக்கு வைத்தும் பயனில்லை என்று சொல்பவர்களின் வீட்டில் நான் பார்ப்பது, அறையின் கூரையில் இருக்கும் விளக்கையே செடிக்கும் போதும் என்று நம்பியிருப்பதை. விளக்கு இலைநுனியிலிருந்து 15 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். நாளுக்கு 12 முதல் 16 மணி நேரம் எரிய வேண்டும். செடி வளர வளர விளக்கையும் உயர்த்த வேண்டும். நேரத்தை நினைவில் வைத்து அணைப்பது ஒரு வாரத்தில் தவறிவிடும் என்பதால், தானாக அணைக்கும் டைமர் ஒன்றை இணைத்துவிடுங்கள். ஏற்கெனவே நீண்டுவிட்ட தண்டு மீண்டும் குட்டையாகாது. பேசிலையும் புதினாவையும் கீழிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது கணுவுக்குச் சற்று மேலே வெட்டிவிட்டால், இலைக்கக்கத்திலிருந்து, அதாவது இலை தண்டோடு சேரும் இடத்திலிருந்து, இரண்டு கிளைகள் புதிதாகப் புறப்படும்.

செடி வாடுகிறது

இங்குதான் விரல் சோதனை வழியைப் பிரித்துக் காட்டுகிறது.

*மண் காய்ந்திருக்கிறது, தொட்டி எடையற்று இருக்கிறது.* தண்ணீர் ஊற்றுங்கள். ஆனால் ஊற்றிய தண்ணீர் உடனே அடித்துளை வழியாக ஓடிவந்துவிட்டால், செடிக்கு அது சேரவில்லை என்று பொருள். முழுவதுமாகக் காய்ந்த தேங்காய்நார்க் கலவை சுருங்கித் தொட்டிச் சுவரிலிருந்து விலகிவிடுவதால், தண்ணீர் அந்த இடைவெளி வழியாகவே வழிந்தோடுகிறது. தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் பாதி உயரம் மூழ்கும்படி அரை மணி நேரம் வைத்து, பிறகு நன்றாக வடிய விடுங்கள். பேசில் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். ஒவ்வொரு இரண்டு நாளிலும் இதே நிலை திரும்பினால் வேர் தொட்டியை நிறைத்துவிட்டது. ஓர் அளவு பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள்.

*மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் இலைகள் தொங்குகின்றன.* இதுவே நான் அடிக்கடி அழைக்கப்படும் குறை. ஒருமுறை ஒரு நண்பர் தன் ரோஸ்மேரிக்கு வாரத்திற்கு ஒருமுறைதான் தண்ணீர் விடுவதாகவும், ஆனாலும் அது சாம்பல் பூத்து உதிர்வதாகவும் சொன்னார். பளபளப்பான பீங்கான் தொட்டிக்குள் இருந்த கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியை நான் தூக்கியபோது, அடியில் இரண்டு விரல் ஆழத்திற்குப் பழுப்பு நிறத் தண்ணீர் நின்றது. சேற்று நாற்றம் அறையெங்கும் பரவியது. வாரத்திற்கு ஒருமுறை ஊற்றியது வடிய இடமின்றி, வாரங்களாக அங்கேயே தங்கியிருந்தது. ரோஸ்மேரி பேசிலைப் போலத் தொங்கித் தன் வாட்டத்தைக் காட்டாது. ஊசியிலைகள் ஒளியிழந்து, தொட்டால் உதிரும் நிலைக்கு வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஆகவே அந்தச் செடிக்கு மட்டுமாவது தொட்டியைத் தூக்கிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஈர மண்ணில் வாடும் செடியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்து வேரைப் பார்த்தே ஆக வேண்டும். தொட்டியைக் கவிழ்த்து, தண்டை இரு விரல்களுக்கிடையே தாங்கி, அடியில் தட்டினால் வேர்க்கட்டு முழுதாக வந்துவிடும். நல்ல வேர் வெண்மையாக, இழுத்தால் விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும்; இரண்டு விரல்களால் பிடித்து மெல்ல இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்து, உள்ளே மயிரிழை போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும். ஒருமுறை அதைத் தொட்டுப் பார்த்தவர்கள் பிறகு ஒருபோதும் ஐயப்பட மாட்டார்கள்.

வேர் நன்றாக இருந்தால் தண்ணீரை நிறுத்தி, வெளித்தொட்டியைக் கழற்றி, ஒளியுள்ள இடத்தில் வைத்துக் காத்திருங்கள், அதுவே போதும். பாதிக்கும் குறைவாக அழுகியிருந்தால், சுத்தமான கத்தரியால் அழுகியவற்றை நீக்கி, மீதியுள்ள வேருக்கு ஏற்ற சிறிய தொட்டியில் புதிய மண்கலவையில் நட்டு, மேலே மூன்றிலொரு பங்கு இலைகளைக் குறைத்துவிடுங்கள். பாதிக்கு மேல் போய்விட்டால் தாய்ச்செடியை விட்டுவிட்டு அதன் நுனிகளைக் காப்பாற்றுங்கள். பேசிலிலும் புதினாவிலும் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள நலமான நுனிகளைக் கணுவுக்குக் கீழே வெட்டி, கீழ் இலைகளை நீக்கித் தண்ணீரில் வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால், ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் வேர்விடும். ரோஸ்மேரி நுனிகள் வேர்விடத் தண்ணீரைவிட ஈரமான மண்கலவையே ஏற்றது. ஒரு மாதத்திற்கு மேலும் ஆகலாம்.

புதிய தொட்டியில் வடிகாலுக்காக அடியில் கூழாங்கல் பரப்புவதைப் பலர் விடாமல் செய்கிறார்கள். அதனால் வடிகால் மேம்படுவதில்லை. நனைந்த மண் கல்லடுக்குக்கு மேலேயே தேங்கி நிற்பதால், ஈரப்பகுதி வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடுகிறது. அடியில் துளையும், கலவையில் மூன்றிலொரு பங்கு பெர்லைட்டோ (எடை குறைந்த வெள்ளை எரிமலைக்கல் துகள்) பருமணலோ இருந்தால் போதும்.

*வாங்கி வந்து இரண்டு வாரத்தில் மொத்தமாகச் சரிகிறது.* தண்டுகளை எண்ணிப் பாருங்கள். உடனே பறித்து உண்பதற்காக விற்கப்படும் பேசில் தொட்டியில் பத்து இருபது நாற்றுகள் நெருக்கி வளர்க்கப்பட்டிருக்கும். அது நெடுநாள் வாழ்வதற்காக அமைக்கப்பட்டதன்று. வேர்க்கட்டை நான்காகப் பிரித்து, நான்கு தொட்டிகளில் நட்டு, ஒரு வாரம் நேர்வெயில் படாமல் வைத்தால் நீடிக்கும். பிரிக்கும்போது தண்டைச் சுற்றி மெல்லிய வலைப்பை இருந்தால் அதைக் கத்தரித்து நீக்கிவிடுங்கள்.

இலைகள் மஞ்சளாகின்றன

எந்த இலைகள் என்பதே இங்கு முக்கியம். மண் ஈரமாக இருந்து எல்லா இலைகளும் வெளிறினால் மேலே சொன்ன வேர்ச் சோதனைக்குத் திரும்புங்கள். அடியிலுள்ள பழைய இலைகள் மட்டும் சீராக மஞ்சளாகி உதிர்ந்தால், ஒளியும் ஈரமும் சரியாக இருக்கும் நிலையில் அது தழைச்சத்துக் குறைவு. திரவ உரத்தைக் குறிப்பிட்ட அளவில் பாதியாகக் கரைத்து, இரண்டு வாரத்திற்கு ஒருமுறை ஈர மண்ணில் ஊற்றுங்கள். நுனியிலுள்ள புதிய இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து சேரவில்லை. மண்ணில் இரும்பு இல்லாததைவிட, கடினத் தண்ணீரால் மண் காரத்தன்மை அடைந்து இரும்பை வேர் எடுக்க முடியாமல் போவதே பெரும்பாலும் காரணம். சேகரித்த மழைநீருக்கு மாறிப் பாருங்கள். ஒரு மாதத்தில் வரும் புதிய இலைகள் பச்சையாக இல்லையென்றால் மண்கலவையை மாற்றுங்கள்.

பேசிலில் மட்டும் இன்னொன்று உண்டு. நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி பட்டை பட்டையாக மஞ்சளாகி, இலையைத் திருப்பினால் அடியில் சாம்பலும் ஊதாவும் கலந்த தூசி படிந்திருந்தால் அது அடிச்சாம்பல் நோய். தூசி என்று தோன்றுவது நோயின் வித்துகள். வந்த செடியைக் குணப்படுத்த வீட்டில் வழியில்லை. அசைக்காமல் ஒரு பையால் மூடி, வேரோடு எடுத்துக் கட்டி எறிந்துவிடுங்கள், மட்கு உரக் குழியில் போடாதீர்கள். பல தொட்டிகள் வைத்திருப்பவர்களும் விற்பனைக்கு வளர்ப்பவர்களும் இந்தக் கட்டத்தில் தாவர நோய் கண்டறியும் ஆய்வகத்தையோ வேளாண் அலுவலரையோ அணுக வேண்டும். கிள்ளிய ஓர் இலையைக் கொண்டுபோனால் அவர்களால் அதிகம் சொல்ல முடியாது. வேர்க்கட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, மேற்பகுதியை உலர்ந்த காகிதத்தில் சுற்றி, முழுச் செடியையும் கொண்டுசெல்லுங்கள்.

இலைநுனி கருகுகிறது, அல்லது இலை கறுக்கிறது

மண்ணின் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் உரத்தின் உப்பும் தண்ணீரின் உப்பும் சேர்ந்துவிட்டன. தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மூன்று மடங்குத் தண்ணீரை மெதுவாக ஊற்றி முழுவதும் வடிய விட்டு, ஒரு மாதம் உரத்தை நிறுத்துங்கள். பொருக்கு இல்லாமல், குளிர்ந்த இரவுக்குப் பின் பேசில் இலைகள் கறுத்திருந்தால் அது குளிர்ப் பாதிப்பு. 10 டிகிரிக்குக் கீழே அச்செடி தாங்காது. குளிரூட்டியின் காற்று நேராகப் படும் இடமும் அதற்கு ஆகாது.

சிறு ஈக்கள் பறக்கின்றன, அல்லது இலையில் பூச்சி தெரிகிறது

தொட்டியை அசைத்ததும் மண்ணிலிருந்து கறுப்பான சிறு ஈக்கள் எழுந்தால், ஈரம் மிகுந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று. ஈயால் தீங்கில்லை, மண்ணுக்குள் இருக்கும் அதன் புழுதான் இளவேரைத் தின்கிறது. உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றை மண்மேல் வைத்து, இரண்டு நாள் கழித்துத் திருப்பிப் பார்த்தால், கறுப்புத் தலையுடன் கண்ணாடி போன்ற புழுக்கள் அதில் ஒட்டியிருக்கும். மேல்மண் 3 சென்டிமீட்டர் காயும் வரை தண்ணீரை நிறுத்துங்கள். மஞ்சள் ஒட்டும் அட்டையை மண்ணை ஒட்டி வையுங்கள். முட்டையிலிருந்து ஈயாவதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும் என்பதால், ஒரு வாரத்தில் குறைந்துவிட்டது என்று நிறுத்தாமல் ஒரு மாதம் தொடர வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் கொசுப்புழுவைக் கொல்லும் பிடிஐ பாக்டீரியாப் பொடியைத் தண்ணீரில் கலந்து ஊற்றலாம்.

இலையின் மேல் ஊசியால் குத்தியது போன்ற வெளிர்ப்புள்ளிகள் இருந்தால், அடியில் வெள்ளைத்தாளைப் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் செம்பேன். அசுவினி, வெள்ளை ஈ ஆகியவை வெறுங்கண்ணுக்கே தெரியும். எல்லாவற்றுக்கும் முதல் மருந்து தண்ணீர்தான்: செடியைச் சாய்த்துப் பிடித்து, இலையின் அடிப்பக்கத்தைக் குழாய்நீரால் கழுவுங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை, நான்கு தடவை. போதாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி மிதமான திரவ சோப்பைக் கலந்து, முதலில் ஓர் இலையில் தெளித்து ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மாலையில் செடி முழுவதும் தெளியுங்கள். பறிக்கும்போது நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். அலங்காரச் செடிகளுக்கென விற்கப்படும், வேர்வழி செடியெங்கும் பரவும் பூச்சிக்கொல்லிகளை இந்தத் தொட்டிகளில் ஒருபோதும் போடாதீர்கள். இந்த இலைகள் நம் வாய்க்குள் போகின்றவை. ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தால் அந்தச் செடியின் இலையை உண்ணாமல் நீக்கிவிடுவதே என் முடிவு.

பூத்துவிட்டது, மணம் குறைந்துவிட்டது

கொத்தமல்லி பூப்பதைத் தடுக்க முடியாது. வெப்பமும் நெருக்கடியும் இடமாற்றமும் அதை விரைவுபடுத்தும். ஆணிவேருள்ள செடி என்பதால் நேரடியாக நிலைத்தொட்டியிலேயே விதைத்து, இரண்டு மூன்று வாரத்திற்கு ஒருமுறை புதிதாக விதைத்துக்கொண்டே வாருங்கள். பேசிலில் மொட்டு தெரிந்ததும் அடுத்த இலைச்சோடி வரை சேர்த்துக் கிள்ளிவிடுங்கள். பூ மட்டும் போனால் மறுவாரமே திரும்பும். பூக்காமலேயே மணமற்றிருந்தால் ஒளி குறைவு, அல்லது உரம் மிகுதி.

விளக்கை இணைத்தால் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது

இதில் நீங்களே செய்து பார்க்கக்கூடியது ஒன்றுதான்: மெயினை அணைத்த பின் விளக்கின் செருகியைப் பிடுங்கி, வயரோ செருகியோ நனைந்திருக்கிறதா, உருகியிருக்கிறதா என்று பார்ப்பது. தொட்டியில் ஊற்றிய தண்ணீர் வயரின் வழியே இறங்கிச் செருகியில் சேர்வதை நான் கண்டிருக்கிறேன்; ஆகவே வயர் செருகிக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, பிறகு மேலேறும்படி அமையுங்கள். வேறு விளக்கை இணைத்தாலும் துண்டிப்பு நிகழ்ந்தாலோ, செருகி சூடேறினாலோ, தொட்டியைத் தொடும்போது சிறு அதிர்வு உணர்ந்தாலோ, அந்த இணைப்பைப் பயன்படுத்துவதை அக்கணமே நிறுத்தி மின்பணியாளரை அழையுங்கள். அவர் வந்து பார்க்கும் வரை செடிகள் சன்னலோரத்தில் இருக்கட்டும். சில நாள் ஒளிக்குறைவை அவை தாங்கிக்கொள்ளும், அந்நாட்களில் தண்ணீரை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.